பண்டிகை டூட்டி

மேல்வரிசை சிக்கலில்லாமல் ஏறிவிட்டது. கீழ்வரிசைதான் அடம்பிடித்தது. மகள் இடது ஆள்காட்டி விரலால் அப்பாவின் கன்னத்தை உள்ளிருந்து கொஞ்சம் விலக்கி, பல்செட்டைச் சாய்த்து நுழைத்து, நேராக்கி, இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்தினாள். மேல்வரிசை அண்ணத்தில் ஈரப்பிடிப்பிலேயே நிற்கும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டினால் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுமே, அந்தக் கணக்குதான். கீழ்வரிசைக்கு அந்த வசதி கிடையாது. நாக்கும் கன்னமும் உதடும் ஆளுக்கொரு பக்கம் அணைத்துப் பிடித்தால்தான் அது அசையாமல் இருக்கும். அப்பாவின் வாயில் எதையும் அணைத்துப் பிடிக்கிற தெம்பு போய்ப் பல நாளாகிவிட்டது.

அந்தப் பற்களைச் செய்தவளே அவள்தான். பல் கட்டிக்கொடுக்கும் ஒரு லேபில் அவளுக்கு வேலை. அப்பாவின் முன்பல் ஒன்றை வேண்டுமென்றே ஒரு மயிரளவு கோணலாக வைத்திருந்தாள். வரிசை பிசகாத பல் பொய்ப்பல் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். முதன்முதலில் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்த அன்று அப்பா, என் கோணலைக்கூட நீ விட்டுவிடவில்லையே என்று சிரித்தார். அன்றிலிருந்து அவள் அவருக்குப் பல் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் வாசல் நிலையில் சாய்ந்தபடி இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கும்மா பல்லு? அவரு என்ன கடிச்சுத் திங்கவா போறாரு?"

"எங்க அண்ணன் வர்றான். அப்பாவைப் பல்லில்லாம அவன் பாத்ததில்ல."

அசந்து தூங்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும், தொண்டைக்குள் போய்விடக்கூடாது என்றாள் நர்ஸ். பிறகு கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்து, முழங்கால்வரை கையை ஓட்டிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டாள். கடைசியில் ரத்தம் என்ன செய்யும் என்று போன வாரமே அவள் விளக்கியிருந்தாள். தூரத்து ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டுத் தலைநகரத்தை மட்டும் காப்பாற்றப் பார்க்கும். முதலில் விரல்நுனி குளிரும், பிறகு பாதம், பிறகு முழங்கால்.

"ஈஸ்டர் வரைக்கும் தாங்குவாரா?"

"எப்பம்மா ஈஸ்டர்?"

"இன்னும் மூணு வாரம்."

நர்ஸ் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து இன்னொருமுறை மடித்தாள். "அண்ணனைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் வீட்டில் பண்டிகை என்றால் ஈஸ்டர்தான். கிறிஸ்துமஸ் இல்லை. இதை வெளியாட்களுக்குப் புரியவைக்க ஒவ்வொரு முறையும் லிப்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்பா லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிப்ட் என்றதும் எல்லோருக்கும் கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் பயம். கயிறு ஒன்றல்ல, பல. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். நின்றுபோகவைப்பது பெரும்பாலும் கதவு என்பார் அப்பா. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வெளிக்கதவு, அதற்கொரு பூட்டு, பூட்டுக்குள் மின்சாரம் ஓடுகிற ஒரு தொடுமுனை. எல்லா மாடிப் பூட்டுகளையும் கோத்து ஒரே சரம். ஏதோ ஒரு மாடியில் ஒரு கதவு விரற்கடை அளவு மூடாமல் நின்றால் போதும், சரம் அறுந்த மாதிரி. பெட்டி நகராது. மொத்தக் கட்டடமும் படியேற வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸ் அன்று ஊரே இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. கையில் பெட்டி, பொட்டலம், குழந்தை. ஒருவர் சாமான் ஏற்றி முடிக்கும்வரை இன்னொருவர் கதவுக்குக் காலை அணைகொடுத்து நிற்கிறார். கதவு ஓடுகிற பள்ளத்தில் கடலைத் தோலும் ரிப்பன் துண்டும் விழுகின்றன. ஆகவே அன்று முழுக்க அப்பாவுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கம்பெனியில் யாராவது ஒருவர் அன்று டூட்டியில் இருந்தே ஆகவேண்டும். எல்லா வருஷமும் அந்த ஒருவர் அப்பாவாக இருந்தார்.

அம்மா முதல் சில வருஷம் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தாள். பிறகு ஒருநாள், பண்டிகை நம்மிடம் வராவிட்டால் பண்டிகையை நாம்தான் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, புதுச்சட்டை, பரிசு, அடுப்பில் சுட்ட கோழி எல்லாவற்றையும் ஒருசேரத் தூக்கி ஈஸ்டரில் வைத்துவிட்டாள். ஈஸ்டருக்கு அலுவலகங்கள் மூடிக் கிடக்கும். பாதிப்பேர் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். லிப்டுகள் ஓய்வெடுக்கும். அப்பா நகக்கண்ணில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிய கைகளோடு மேசையின் தலைமாட்டில் உட்காருவார். காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை எழுந்திருக்கமாட்டார். மகளுக்கு ஈஸ்டர் என்றால் அதுதான்: எழுந்து போகாத அப்பா. கிறிஸ்துமஸ் என்றால் தட்டின்மேல் கவிழ்த்து வைத்த இன்னொரு தட்டு.

அண்ணன் கொஞ்சம் வளர்ந்ததும் கிறிஸ்துமஸ் அன்று டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு போகத் தொடங்கினான். பாவம் அவன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இறந்த வருஷம்தான் சண்டை வந்தது, அதுவும் போனில். இனிமேல் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் அப்பா வீட்டில் கூடலாம் என்று அண்ணன் சொன்னான். அவனுக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டியை எந்த டிரைவர் எப்போது எடுப்பது என்று சார்ட் போடுகிறவன். அப்பா அவனுக்கு வைத்த பெயர் டைம்டேபிள். ஏன் ஈஸ்டர் வேண்டாம் என்று அவள் கேட்டதற்கு, ஈஸ்டர் நிலாவைப் பார்த்து நகர்கிறது, நான் சார்ட்டைப் பார்த்து நகர்கிறவன் என்றான். அதில் உண்மை இல்லாமலில்லை. பகலும் இரவும் சமமாகிற வசந்த நாளுக்குப் பிறகு வருகிற பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு என்று ஈஸ்டர் வருஷாவருஷம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அவளுக்கு அது அண்ணியின் வேலையாகப் பட்டது. அண்ணிக்குக் கடைவீதி விளக்கும் கூட்டமும் பிடிக்கும். "அப்பா ஒரு கிறிஸ்துமஸுக்காவது வீட்ல இருந்திருக்காரா? இல்லாத நாளைக் கட்டிக்கிட்டு அழு" என்று அந்தக் கோபத்தில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் போனை வைத்தான்.

அதிலிருந்து அவன் கிறிஸ்துமஸுக்கு வந்து போனான். அவள் ஈஸ்டருக்கு வந்து போனாள். அப்பா யார் பக்கமும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், நீங்கள் இருவரும் லிப்டுப் பெட்டியும் அதன் எடைக்கட்டையும் மாதிரி என்றார். பெட்டி மேலே வந்தால் எடைக்கட்டை கீழே போகும். நடுமாடியில் ஒன்றையொன்று உரசாமல் கடந்துபோகும், நிற்காது. சொல்லிவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள்.

இப்போது அவளுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் வரவில்லை. அப்பா போய்விட்டால் இந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கிறிஸ்துமஸுக்கும் வீடில்லை, ஈஸ்டருக்கும் வீடில்லை. பெட்டியும் எடைக்கட்டையும் தொங்குகிற கப்பியே இருக்காது. அதற்குத்தான் அவளுக்கு இந்த ஒரு ஈஸ்டர் வேண்டியிருந்தது. சாகக் கிடக்கிற அப்பா கூப்பிட்டால் அண்ணன் வராமல் இருக்கமாட்டான். ஒரே மேசையில் ஒருமுறை எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்த வருஷத்தைப் பற்றி அங்கேயே பேசிவிடலாம். பல நாளாக அப்பாவின் காதோரம் குனிந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றேதான்: ஈஸ்டர் வருதுப்பா.

அண்ணன் மதியத்துக்குமேல் வந்தான். டிப்போ கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே ரயிலேறியிருந்தான். அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் அவனை நேரில் பார்க்கவில்லை. காதோரம் நன்றாக நரைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று அவன் கேட்டான், ஆயிற்று என்றாள். நீ என்று கேட்டாள், ஆயிற்று என்றான். இரண்டும் பொய்.

அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். எங்கே கை வைப்பது என்று தெரியாதவன்போலக் கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினிடம் குனிந்தான். அது அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, உள்ளே நிரப்பிய மணல்போன்ற உருண்டைகளின் வழியாக அழுத்தித் தள்ளும். நைட்ரஜன் அவற்றில் சிக்கிக்கொள்ளும், ஆக்சிஜன் தப்பித்து வெளியே வரும். மெஷினைக் கொண்டுவந்து வைத்த அன்று அப்பா மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி ஆளைப் படுத்தி எடுத்திருந்தார். அண்ணன் அதன் பின்பக்கத்திலிருந்து, காற்றின் தூசியை வடிகட்டுகிற ஒரு சிறு பஞ்சுத் தகட்டை உருவி எடுத்துக் குழாயடியில் கழுவி, பிழிந்து, உதறி, மறுபடி சொருகினான். அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. மெஷினின் இரைச்சல் கொஞ்சம் குறைந்தது.

அந்த மாறுதலில்தானோ என்னவோ, அப்பா கண்ணைத் திறந்தார்.

பார்வை முதலில் அண்ணன் மேல் விழுந்தது. "வந்துட்டியா" என்றார். பல் இருந்ததால் சொல் தெளிவாக வந்தது. "கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் ஈரத்துணியோடு அவள் வெளிச்சத்துக்கு வந்தாள். அப்பாவின் கண் அவளிடம் நகர்ந்தது.

"இவ இருக்காளே. அப்ப ஈஸ்டர்."

மறுபடி அண்ணனைப் பார்த்தார். மறுபடி அவளை. நின்றுபோன லிப்டில் எந்த மாடிக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறவரின் முகம் அது.

"ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றார். கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கவனித்தார். பிறகு முகம் மாறியது. "யாரு போயிட்டாங்க?"

கடைசியாக அவர்கள் இருவரும் இந்த அறையில் ஒன்றாக நின்றது அம்மாவை அடக்கம் செய்த அன்றுதான்.

"அம்மாவா?" அப்பாவின் கை கட்டில் கம்பியைத் தேடியது. "சொல்லுங்கடா. அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். ஈஸ்டர் என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. பல நாளாகப் பழகிய சொல். ஆனால் ஈஸ்டர் என்றால் அப்பா சமையலறைப் பக்கம் திரும்புவார். அங்கே அடுப்பு எரிய வேண்டும், தட்டுச் சத்தம் கேட்க வேண்டும், அம்மா எட்டிப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க அம்மாவைப் பார்க்காமலே அவர் கழித்துப் பழகிய பண்டிகை ஒன்றுதான்.

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா" என்றாள். "இன்னைக்குக் கிறிஸ்துமஸ்."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான்.

அப்பாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அடுத்த கணமே ஒரு காலைப் போர்வைக்குள்ளிருந்து இழுக்கத் தொடங்கினார். "அப்ப படுத்துக் கெடந்தா எப்படி? போன் வந்துச்சா?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. அவளுக்குத்தான் கிறிஸ்துமஸ் அப்பா இல்லாத நாள். அவருக்கு அது கிளம்ப வேண்டிய நாள். நர்ஸ் வாசலிலிருந்து ஓரடி எடுத்து வைத்தாள். கால் கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்கு அடுத்த வரி தெரியாமல் அவள் நின்றாள்.

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அப்பாவின் காலை மெதுவாகத் தூக்கி உள்ளே வைத்தான். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்கிறவன்போல, "வந்துச்சுப்பா. பையை எடுத்துட்டேன். போலாம்" என்றான்.

"எங்க?"

"வாட்டர் டேங்க் பக்கத்துல. மஞ்சக் கட்டடம்."

"அதுவா" என்று அப்பா அலுத்துக்கொண்டார். "உள்ள ஆளிருக்கா?"

"இல்லப்பா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல காலிப் பெட்டியா நிக்குது."

"அப்ப கதவுதான்."

"கதவுதான்."

"காலை வெச்சு நிறுத்தியிருப்பானுங்க. கிறிஸ்துமஸ் தாத்தாவா இருந்தாலும் அந்தக் காலை ஒடிக்கணும்."

வாசலில் நர்ஸ் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் இருவரும் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறினார்கள். அவளுக்கு வேறெப்படியும் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் முதல் மாடி என்பான், அப்பா கட்டில் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார், சரி என்பார். இரண்டாம் மாடி. சரி. இடையிடையே மூச்சு வாங்க நிற்பார், அண்ணனும் நிற்பான். டார்ச்சைக் கீழே பிடி, என் கண்ணில் அடிக்காதே என்று ஒருமுறை திட்டு விழுந்தது. அண்ணன் கையைத் தாழ்த்தினான். நான்காம் மாடியில் கம்பியை அழுத்திய கை அப்படியே நின்றது.

"இதுதான். ஆடுது பாரு. பள்ளத்துல என்ன கெடக்கு?"

"என்னமோ இருக்குப்பா."

"ஸ்க்ரூ டிரைவரால நோண்டாத, கீறிடும். மரக்குச்சி எடு."

"எடுத்துட்டேன்."

"என்னது அது?"

அதுவரை தடங்கலில்லாமல் வந்த அண்ணன் முதன்முறையாகத் தடுமாறினான். அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கால்மாட்டிலிருந்து சொன்னாள்.

"பொம்மைக் கார் சக்கரம்ப்பா."

அப்பா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "நீயும் வந்திருக்கியா?"

"வந்திருக்கேன்."

"அம்மா விட்டாளா?"

"விட்டாங்கப்பா."

அப்பா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். நம்பமுடியாத சங்கதிதான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார் போலிருந்தது. "அதைத் தூக்கிப் போட்டுராத" என்றார். "எந்த வீட்டுப் புள்ளையோ அழுதுட்டிருக்கும். கதவு கதவாக் கேட்டுட்டு வாங்க." பிறகு அண்ணனிடம், "பூட்டு விழுந்துச்சா?"

"விழுந்துச்சுப்பா."

"ஓட்டிப் பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நிஜமாகவே இந்தக் கட்டடத்து லிப்டை அழைத்திருந்தார்கள். மோட்டார் முனகித் தொடங்கிச் சீராக ஓடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அது போய் நிற்கும்வரை கேட்டார். "ம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நர்ஸ் சொன்னபடி அவள் பல்லைக் கழற்றி வைத்தாள். வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிப்போகிற நேரத்தில் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஓர் இடைவெளி முடியவே இல்லை. அதன் பிறகும் மெஷின், வாங்கிக்கொள்ள ஆளில்லாத மூக்குக்கு ஆக்சிஜனை அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் குனிந்து அதை நிறுத்தினான். உடம்பில் தாடைதான் சீக்கிரம் விறைக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் பல்செட்டைக் கழுவி எடுத்துவந்தாள். அண்ணன் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு வரிசைகளையும் பொருத்தி, தாடைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் காலை அண்ணி வந்துசேர்ந்தாள். அவள் பின்னாலேயே சவப்பெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். லிப்ட் சின்னது, பெட்டி நீளம், படியில் திருப்பங்கள் குறுகல். உடம்பை நாற்காலியில் கட்டி உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும் என்றார் அவர்களில் மூத்தவர், சங்கடத்தோடு. மகள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு லிப்டுக்குள் போனான். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரத் தகடு உண்டு. சின்ன வயதிலிருந்து அவள் அதில் சாய்ந்துகொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள். அதன் ஓரத்தில் இருந்த முக்கோணத் துளையில் ஒரு சாவியைப் போட்டுத் திருகினான். தகடு ஒரு சிறு கதவாகத் திறந்தது. உள்ளே இருட்டாக, சவப்பெட்டியின் தலைப்பக்கம் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. சில பழைய கட்டடங்களில் படுத்தபடி போகிறவர்களுக்காக இப்படி இடம் விட்டுத்தான் லிப்டைச் செய்தார்களாம். வருஷக்கணக்கில் யாரும் திறக்காததால் காவல்காரர்களுக்கே மறந்துவிடும் என்றான்.

ஆட்கள் உள்ளே பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது இருவரும் படிக்கட்டருகே நின்றார்கள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று இதே மாதிரி ஒன்றை அப்பா திறந்து கொடுத்ததை அண்ணன் சொன்னான். அந்த வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே இவர்கள் இருவரையும் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்களாம். எந்தக் கட்டடத்திலும் அப்படித்தான், பழுதுபார்த்துவிட்டு ஒரு வாசலைத் தாண்டிப் போக முடியாது, யாராவது உள்ளே இழுத்துவிடுவார்கள் என்றான். பொம்மைச் சக்கரம் நிஜமா என்று அவள் கேட்டாள். சக்கரம் இல்லை, ஒரு பொம்மையின் கை. ஆனால் வீடு வீடாகக் கேட்டுப் போனது நிஜம். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"இந்த ஈஸ்டருக்கு" என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள்.

"டூட்டிம்மா. கன்ட்ரோல் ரூம்ல."

"மாத்த முடியாதா? சார்ட் போடறதே நீதானே?"

"நான்தான் என் பேரைப் போட்டுக்கறேன், வருஷா வருஷம். யாராவது ஒருத்தன் உக்காந்துதானே ஆகணும். எங்களுக்குப் புள்ளையா குட்டியா. அதெல்லாம் இருக்கிறவன் வீட்ல இருக்கட்டும்."

அவள் கைப்பிடியில் உரிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள்.

"என்கிட்ட நிலான்னு சொன்ன."

"நீ அப்பா இல்லாத நாள்னு சொன்ன."

பெட்டி வெளியே வந்தது. அவர்கள் வழிவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஈஸ்டர் ஞாயிறு மதியம், அவள் பஸ் டிப்போவின் பின்வாசல் படியேறினாள். எந்த வாசல், எந்த மாடி என்றெல்லாம் அண்ணிதான் போனில் சொல்லியிருந்தாள். நான் போனால் வேலை நேரத்தில் வராதே என்று விரட்டுவார், உன்னை ஒன்றும் சொல்லமாட்டார், போ என்று அண்ணியே தள்ளிவிட்டாள். அவள் கையில் துண்டில் சுற்றிய பாத்திரம். உள்ளே அடுப்பில் சுட்ட கோழி. ரயிலில் வந்ததில் சூடு பாதி போயிருந்தது.

அறை பெரிதாக இருந்தது, ஆள் அவன் ஒருவன்தான். சுவரை அடைத்து ஒரு கண்ணாடிப் பலகை. ஒவ்வொரு வழித்தடமும் ஒரு கோடு, ஒவ்வொரு பஸ்ஸும் கோட்டின்மேல் நகர்கிற ஒரு விளக்கு. ஒரு விளக்கு மற்றொன்றை நெருங்கிவிட்டால் முன்னால் போகிறவனுக்குக் கூட்டம், பின்னால் வருகிறவனுக்குக் காலி வண்டி. அவற்றை விலக்கி விலக்கி வைப்பதுதான் அவன் வேலை. அண்ணன் மைக்கின் பொத்தானை அழுத்தியபடி யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். பேச்சை நிறுத்தவில்லை. மேசைக்கடியில் காலை நீட்டிப் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"அது ஆடும். பாத்து உக்காரு."

உட்கார்ந்தாள். ஆடத்தான் செய்தது. மேசையில் ஓரிடத்தைக் கையால் ஒதுக்கிப் பாத்திரத்தை வைத்தாள். கரகரத்த ஒரு டிரைவரின் குரல், ஸ்டாப்பில் கிளம்பும் நேரமாகிவிட்டது, ஆனால் ஒரு குடும்பம் தூரத்தில் ஓடிவருகிறது, கையில் குழந்தை, என்ன செய்ய என்று கேட்டது. அண்ணன் பலகையை ஒரு தடவை பார்த்தான்.

"நில்லுப்பா. ஏத்திக்கிட்டு வா."

மற்ற விளக்குகள் நகர்ந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் நின்றது. அவள் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.